மூவாயிரம் பக்கங்களும் பத்துக் குற்றங்களும்

ஒரு நூல் நல்ல நூலா அன்றா என்று தெளிவதற்கு நம் முன்னோர் வகுத்துத் தந்த அளவுகோல்கள் பல. அவற்றுள் எளிமையும் கூர்மையும் ஒருங்கே உடையது, பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் தொகுத்துரைத்த பத்துக் குற்றம், பத்து அழகு என்னும் பாகுபாடாகும். பள்ளி நாளில் இவற்றை நெட்டுருச் செய்து ஒப்பித்தோர் நம்மிடையே பலர் இருத்தல் கூடும். ஒப்பித்ததோடு சரி, அவற்றைக் கொண்டு ஒரு நூலை அளந்து பார்த்தோர் சிலரே. நானும் அவ்வாறே இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கைக்கு வந்த ஓர் உருசிய நூல் அந்தப் பழைய பாடத்தை மீண்டும் எடுத்துப் படிக்கச் செய்தது. அந்நூலைப் பற்றிய என் மதிப்பீடே இக்கட்டுரை.

அந்நூல் 1971-இல் உருசிய மொழியில் வெளிவந்தது. 'இழந்ததும் மீண்டதுமான உலகம்' என்பது அதன் தலைப்பின் பொருள். மறு ஆண்டே, 1972-இல், லின் சோலோடராஃப் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'சிதறிய உலகினை உடைய மனிதன்' எனப் பொருள்படும் தலைப்போடு வந்தது. நான் படித்தது ஆங்கில நூலே. ஆசிரியர் பெயராக அதன் முகப்பில் நிற்பது அலெக்சாந்தர் லூரியா. கசான் நகரில் 1902-இல் பிறந்து 1977-இல் மறைந்த இவர், மூளைக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோருள் தலைசிறந்தவராக உலகம் போற்றும் அறிஞர்.

மருத்துவ நூலைத் தேடிப் படிப்பது என் வழக்கமன்று. இதனைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பிரிவில் பல்லாண்டு பணிபுரிந்த மூத்த நண்பர் ஒருவர் ஒருநாள் காலை பக்கவாதத்தால் வீழ்ந்தார். உயிர் பிழைத்தது, பேச்சு பிழைக்கவில்லை. அவரைக் காணச் சென்றிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அவர் முன்னிலையிலேயே, "இனி இவருக்கு ஒன்றும் தெரியாது, குழந்தை மாதிரிதான்" என்றார். நண்பரின் கண்களில் நீர் நிறைந்ததைக் கண்டேன். ஒன்றும் தெரியாதவரை அந்தச் சொல் எவ்வாறு சுட்டது? பேச்சு போனால் அறிவும் உடன் போய்விடுகிறதா? இக்கேள்விக்கு விடை காணவே இந்நூலை எடுத்தேன். விடையும் கிடைத்தது, அதனோடு ஓர் இலக்கியமும் கிடைத்தது.

பேச்சும் மூளையும்

நூலுள் புகுமுன் சில செய்திகளைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். மூளை பழுதுற்றதனால் மொழி குன்றுவதை மருத்துவர் அஃபேசியா என்பர். நாம் மொழியிழப்பு எனலாம். நாக்கும் குரலும் பழுதுறுவதனால் வரும் குறை வேறு, இது வேறு. 1861-இல் பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்னும் ஓரசையைத் தவிர வேறொன்றும் சொல்ல இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதிருக்கக் கண்டார். 1874-இல் செருமானிய மருத்துவர் காரல் வெர்னிக்கே, இதற்கு நேர்மாறான ஒரு வகையை எடுத்துக் காட்டினார். அவ்வகையில் பேச்சு ஆறுபோல் ஓடும். ஆயினும் அதில் பொருள் இராது. பிறர் பேசுவதும் விளங்காது. முன்னதில் பொருள் உள்ளே நிற்கச் சொல் வெளிவருவதில்லை. பின்னதில் சொல் வெளிவரப் பொருள் உடன் வருவதில்லை.

லூரியா விளக்கும் வகை இவ்விரண்டினும் நுட்பமானது. இதில் சொல் உண்டு. சொல்லின் பொருளும், தேடினால், மெல்ல மெல்ல வந்துவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள உறவு மட்டும் அறுந்து போகும். மலர்கள் எல்லாம் கூடையில் கிடக்கின்றன. தொடுக்க நார் இல்லை. இந்நிலையில் கால் நூற்றாண்டு வாழ்ந்த ஒருவரின் கதையே இந்நூல்.

ஒரு கணத்தில் சிதறிய உலகம்

அவர் பெயர் சசேத்ஸ்கி. பொறியியல் பயின்றுகொண்டிருந்த மாணவர். மூன்றாண்டுப் படிப்பை முடித்த நிலையில் இரண்டாம் உலகப்போர் அவரைப் படைக்கு அழைத்துக்கொண்டது. 1943 மார்ச்சு மாதம், ஸ்மொலென்ஸ்க் வட்டாரத்தில் வோர்யா என்னும் ஆற்றை ஒட்டி நடந்த தாக்குதலில், துப்பாக்கிக் குண்டு ஒன்று அவர் தலையைத் துளைத்து, மூளையின் இடப்பக்கத்துப் பின்பகுதியில் பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 23. சில மாதங்கள் கழித்து, காயமுற்ற படைவீரர்க்கான மருத்துவமனையில் லூரியா அவரைக் கண்டார். அன்று தொடங்கிய பழக்கம் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நீடித்தது.

குண்டு துளைத்த பின் அவர் கண்ட உலகம் நம் உலகமன்று. எப்பொருளை நோக்கினும் அதன் வலப்பாதி மறைந்திருக்கும். எஞ்சிய பாதியும் நிலைத்து நில்லாது. துண்டு துண்டாக மின்னி நடுங்கும். தம் உடலின் பகுதிகளே அவருக்குத் தொலைந்து போகும். வலக்கை எங்கே என்று தேடுவார். சில வேளை தலை மேசையளவு பருத்துவிட்டதாகத் தோன்றும். ஊசியும் நூலும் துணியும் கையில் தரப்பட்டபோது, இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறியாமல் அமர்ந்திருந்தார். ஊர் திரும்பியபின், சில தெருக்களே உள்ள சிற்றூரில், தம் வீட்டுக்கு வழி தெரியாமல் அலைந்தார். படித்த படிப்பு முழுதும் அழிந்துபோயிற்று. எழுத்துகள்கூட அயல்மொழி எழுத்துகளாகத் தோன்றின. நினைவு மீண்டபோது அது பின்னிருந்து முன்னாக வரவில்லை. அண்மைக்காலம் இருண்டு கிடக்க, குழந்தைப் பருவமே முதலில் ஒளி பெற்றது.

இவ்வளவையும் இழந்தவருக்கு ஒன்று மட்டும் இழக்கப்படவில்லை. தாம் இழந்தவை எவை என்பதை அவர் முற்றும் உணர்ந்திருந்தார். குண்டு மூளையின் முன்பகுதியைத் தொடவில்லை. திட்டமிடுதல், முயலுதல், தம் குறையைத் தாமே அளந்தறிதல் ஆகிய ஆற்றல்கள் அப்பகுதியைச் சார்ந்தவை என்று லூரியா விளக்குகிறார். ஆதலின் அவர் தம் துன்பத்தை அறியாத நோயாளியாக இல்லாமல், தம் துன்பத்தின் சான்றாளராக இருந்தார். இந்நூல் பிறந்தது இதனாலேயே.

எழுதத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை

சிறு குழந்தை போல் அவர் மீண்டும் எழுத்துக் கற்றார். ஓர் எழுத்தின் பெயர் வேண்டுமெனில், தம் குடும்பப் பெயரையோ உறவினர் பெயரையோ நினைத்து அதன் முதலெழுத்தைப் பிடிப்பார். அல்லது நெடுங்கணக்கை முதலிலிருந்து ஓதிக்கொண்டே வந்து அவ்வெழுத்தில் நிற்பார். ஒவ்வோர் எழுத்தையும் நினைத்து நினைத்து எழுதிய அந்நாளில் மருத்துவர் ஒருவர், நினைக்காமல், கையைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரே வீச்சில் ஒரு சொல்லை எழுதிப் பார் என்றார். எழுதச் சொன்ன சொல் 'குருதி' என்பதன் உருசியச் சொல். எழுதுகோலை வைத்துக் கை ஓட்டினார். சொல் தாளில் நின்றது. அது சரியாக வந்ததா என்று அவரால் படித்துப் பார்க்க இயலவில்லை. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. மூளையின் ஒரு பகுதி காக்கத் தவறிய செல்வத்தைப் பழக்கம் என்னும் மற்றொரு பகுதி காத்து வைத்திருந்தது.

அன்று முதல் அவர் எழுதத் தொடங்கினார். ஒரு கருத்து தோன்றும். அதற்குரிய சொற்கள் ஒவ்வொன்றாக வரும். வந்த சொல் மறைவதற்குள் தாளில் குறித்துக்கொள்வார். சொற்கள் ஓரளவு சேர்ந்தபின் அவற்றை வாக்கியமாக்க முயல்வார். வானொலியில் கேட்ட, நூலில் கண்ட வாக்கியங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவார். முன் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பது நினைவில் இராது. அதனைப் படித்தறிவதும் எழுத்தெழுத்தாக ஊர்ந்து செல்லும் பெருந்துன்பம். நாள் முழுதும் உழைத்தும் அரைப்பக்கம் தேறுவது அரிது. இவ்வாறு கால் நூற்றாண்டில் அவர் எழுதியவை ஏறத்தாழ 3,000 பக்கங்கள்.

இதனைப் படித்தபோது என் தொழிலை எண்ணிக்கொண்டேன். நாள்தோறும் குறிப்பும் வரைவும் எழுதிக் கோப்புகளை நகர்த்துபவன் நான். ஒரே நாளில் பத்துப் பக்கம் எழுதுவதுண்டு. அவற்றுள் எழுதியே ஆகவேண்டும் என்று உயிர் துடித்து எழுதிய வரி ஒன்றேனும் உண்டா என்று கேட்டுக்கொண்டேன். விடை சொல்ல நாணுகிறேன்.

ஆறாம் வேற்றுமையின் அருமை

இந்நூலில் தமிழ் இலக்கணம் பயின்றோரை நிறுத்திச் சிந்திக்க வைக்கும் பகுதி ஒன்றுண்டு. லூரியா அவரிடம் எளிய தொடர்கள் சிலவற்றைக் கூறிப் பொருள் கேட்கிறார். 'தந்தையின் சகோதரன்' என்றால் யார்? 'சகோதரனின் தந்தை' என்றால் யார்? இரண்டும் ஒன்றா, வேறா? தந்தை யாரென அவருக்குத் தெரியும். சகோதரன் யாரெனவும் தெரியும். இரண்டையும் பிணைக்கும் இடத்தில் அவர் தடுமாறுகிறார். வட்டத்தின் கீழ்ச் சதுரம் வரைக என்றால், கேட்ட வரிசைப்படி வட்டத்தை மேலோ கீழோ வைப்பது என்று திகைக்கிறார். யானை பெரிதா, ஈ பெரிதா என்பது அவருக்கு நன்கு தெரியும். ஆயினும் 'ஈயைவிட யானை பெரிதா' என்று தொடராக்கிக் கேட்டால் விடை கூற நெடுநேரமாகிறது. விடை கூறியபின்னும் ஐயம் தீர்வதில்லை.

இங்கே பழுதுற்றது எது? நம் இலக்கண நூலார் வேற்றுமை என்று பெயரிட்டு எட்டாக வகுத்த அதுவே. பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை என்று வரையறுத்தனர். ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்றனர். அதனையும் தற்கிழமை, பிறிதின்கிழமை என நுணுகிப் பிரித்தனர். மாணவப் பருவத்தில், இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சலித்துக்கொண்டதுண்டு. 'இராமன் இராவணனைக் கொன்றான்' என்பதில் சொற்களை எவ்வாறு மாற்றி வைத்தாலும் கொன்றவன் இராமனே, மாண்டவன் இராவணனே. இராவணன் என்னும் பெயரோடு ஒட்டிய 'ஐ' என்னும் ஓரெழுத்தில் அப்பெருங்காப்பியத்தின் முடிவே தங்கியிருக்கிறது. உருசிய மொழியும் நம் மொழியைப் போலவே பெயரின் ஈற்றில் உருபேற்று உறவு காட்டும் மொழியாதலால், சசேத்ஸ்கியின் துன்பம் ஆங்கிலேயரைவிட நமக்கே எளிதில் புலனாகும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்நுட்பம் ஓரளவு மங்கியே தோன்றுகிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தந்தையின் சகோதரனைக் குறிக்க நம்மிடம் பெரியப்பா, சிற்றப்பா என்னும் தனிச்சொற்கள் உள்ளன. பிற மொழியாளர் தொடரால் கட்டும் உறவை நாம் ஒரு சொல்லுள் வைத்துக் காத்திருக்கிறோம். ஆயினும் 'சிற்றப்பாவின் அண்ணன்' யார் என்று கேட்டால், அவர் என் தந்தையாகவும் இருக்கலாம், பெரியப்பாவாகவும் இருக்கலாம் என்று தெளிவதற்கு நாமும் ஒரு நொடி நின்று கணக்கிடவே வேண்டும். அந்த ஒரு நொடியை வாழ்நாள் முழுதுமாக நீட்டிப் பார்த்தால் சசேத்ஸ்கியின் நிலை விளங்கும்.

பத்துக் குற்றமும் இந்நூலும்

இனி அளவுகோலை எடுப்போம். நன்னூலார் விலக்கிய குற்றங்கள் இந்நூலில் உண்டா? உண்டு, ஏராளமாக உண்டு.

கூறியது கூறல் முதற்குற்றமாக நம் கண்ணில் படுகிறது. தலையில் குண்டு பட்ட செய்தியை அவர் மீண்டும் மீண்டும் சொல்கிறார். தம்மால் நினைவுகொள்ள இயலவில்லை என்பதையும் பல இடங்களில், ஏறத்தாழ அதே சொற்களில், சொல்கிறார். லூரியா தேர்ந்து தொகுத்த சிறு நூலிலேயே இவ்வளவு எனில், 3,000 பக்கங்களில் எவ்வளவு இருந்திருக்கும்! குன்றக் கூறலும் உண்டு. நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி வருகையில், நாம் அறிய விரும்பும் இடத்தில் நினைவு அறுந்து, வெற்றிடம் நிற்கும். மாறுகொளக் கூறலும் உண்டு. ஒன்றும் நினைவில் இல்லை என்று எழுதியவரே, இளமையில் விளையாடிய இடங்களை நுணுக்கமாக எழுதுகிறார். சென்று தேய்ந்து இறுதலோ இந்நூலின் இயல்பாகவே அமைந்துவிட்டது. ஊக்கத்தோடு எழும் பகுதி பல, சோர்வில் முடிகின்றன.

இவை குற்றங்களே என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நூலை மூடிவைத்த பின்னும் மனம் மூட மறுக்கிறது. ஏன்? பயன் கருதி ஒன்றை மீண்டும் கூறுவதை உரையாசிரியர்கள் குற்றமாகக் கொள்வதில்லை. சசேத்ஸ்கி மீண்டும் கூறுவது நம்மை வற்புறுத்துவதற்கு அன்று. முன்பு கூறினோம் என்பது அவருக்குத் தெரியாது. கூறும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறையே. அக்குண்டு அவர் தலையில் ஒருமுறை பாய்ந்ததாக நாம் அறிகிறோம். எழுதும்போதெல்லாம் பாய்வதாக அவர் அறிகிறார். நூலிலுள்ள வெற்றிடங்கள் அவர் நினைவிலுள்ள வெற்றிடங்கள். முரண்பாடுகள், அண்மையை இழந்து இளமையை மட்டும் பெற்ற நினைவின் உண்மை வடிவங்கள். நோயைப் பற்றி எழுதுவோர் பலர். இவருடைய எழுத்தில் நோயே எழுத்தின் நடையாகி நிற்கிறது. நடை வேறு, பொருள் வேறு என்று பிரிக்க இயலாத நூல்களையே சிறந்த இலக்கியம் என்கிறோம். அவ்வகையில் இது இலக்கியமே.

பத்துக் குற்றங்களுள் இறுதியானது நின்று பயன் இன்மை. சொற்கள் வரிசையாக நிற்கும். நின்றும் ஒரு பயனும் விளையாது. இக்குற்றத்தை மட்டும் இந்நூலில் எங்குத் தேடினும் காணேன். மற்றக் குற்றம் ஒன்றும் இல்லாமல் இலக்கணப் பிழையின்றி எழுதப்பட்டு, இந்த ஒரு குற்றத்தால் இறந்துபோகும் எழுத்து நம்மிடையே எவ்வளவு! விழா மலர்களில் நாம் எழுதும் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. குற்றங்கள் பத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதையும், இறுதியில் நிறுத்தப்பட்டதே தலைமையானது எனக் கொள்ளத்தகும் என்பதையும் இந்நூலே எனக்குக் கற்பித்தது.

பயன் என்ன என்று அவரே சொல்லிவிடுகிறார். நினைவைப் பயிற்றவும், தம் நிலையை மருத்துவர் அறிந்து தம்போன்ற பிறர்க்கு உதவவும், தாமும் உலகுக்குப் பயன்படும் மனிதர் என்று உணரவும் எழுதினார். எழுதும்போது மட்டுமே அவரால் சிந்திக்க முடிந்தது. தம் எழுத்துக்கு முதலில் கொடிய மூளைக்காயத்தின் கதை எனப் பொருள்படத் தலைப்பிட்டவர், பின்னர் அதனை மாற்றி, 'தொடர்ந்து போராடுவேன்' என்னும் பொருளில் தலைப்பிட்டார். முன்னது நோயாளி இட்ட பெயர். பின்னது ஆசிரியர் இட்ட பெயர். இம்மாற்றத்துக்குள் கால் நூற்றாண்டு அடங்கியிருக்கிறது.

லூரியாவின் பங்கு

நூலின் மற்றொரு கையைப் பற்றியும் நடுநிலையோடு கூற வேண்டும். லூரியா இல்லையேல் அந்த 3,000 பக்கங்கள் ஏதேனும் ஒரு பெட்டியில் மக்கிப் போயிருக்கும். சசேத்ஸ்கியின் பகுதிகளைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, இடையிடையே மூளையின் அமைப்பை விளக்கும் பகுதிகளைச் சேர்த்து, பொதுமக்கள் படிக்கத்தக்க நூலாக்கியவர் அவரே. நூலின் உண்மையான ஆசிரியர் காயமுற்றவரே என்னும் கருத்தை முன்னுரையிலேயே பெருந்தன்மையோடு ஒப்புகிறார். நோயாளியைப் பழுதுற்ற உறுப்பாகக் காணாமல் முழு மனிதராகக் காணும் அறிவியல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு இந்நூல் சிறந்த சான்று.

ஆயினும் இரு குறைகளைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, விளக்கப் பகுதிகள் சில, கதையின் ஓட்டத்தை மறிக்கின்றன. ஊசியும் நூலும் கையில் வைத்துத் திகைத்து நிற்கும் மனிதரை நாம் கண்ட பின்னர், அதற்குரிய மூளைப்பகுதியின் விளக்கம் தேவைப்படுவது மாணவர்க்கே; வாசகர்க்கு அத்திகைப்பே போதும். மற்றொன்று, 3,000 பக்கங்களிலிருந்து ஒரு சிறு நூல் வடித்தெடுக்கப்பட்டுள்ளது. வடித்தவற்றில் தெளிந்த பகுதிகளே மிகுதி. ஒரே வாக்கியத்தை எத்தனை முறை எழுதிக் கலைத்தார் என்பதை இன்னும் விரிவாகக் காட்டியிருந்தால், தெளிந்த வாக்கியத்தின் விலை நமக்குப் புரிந்திருக்கும். மொழியை இழந்தவர் இவ்வளவு நன்றாக எழுதுவாரா என்னும் ஐயமும் எழாது.

இந்நூலோடு வைத்துப் படிக்கத்தக்கது லூரியாவின் முந்தைய நூல். 1968-இல் வெளிவந்த அது, எதனையும் மறக்க இயலாத ஒருவரைப் பற்றியது. கேட்ட சொற்பட்டியலைப் பல்லாண்டு கழித்தும் அவர் பிழையின்றி ஒப்பிப்பார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் மனத்தில் ஓர் உருவமாக வந்து மோதுவதால், கதையின் பொருளையோ உருவகத்தின் உட்பொருளையோ பற்றுவது அவர்க்கு அரிதாயிற்று. வாழ்விலும் எதிலும் நிலைகொள்ளவில்லை. எல்லாம் நினைவிலிருந்தும் வாழ்வின் பொருள் கைவராதவர் அவர். ஏதும் நினைவில் நில்லாதிருந்தும் வாழ்வின் பொருளைக் கைவிடாதவர் இவர். நெட்டுருவே கல்வி என்று நம்பி வளர்ந்த நம்மனோர் இவ்விரு நூலையும் அடுத்தடுத்துப் படித்தல் வேண்டும்.

இந்நூலின் முடிவும் குறிப்பிடத்தக்கது. முடிவில்லாத கதை என்றே லூரியா அதனைக் குறிக்கிறார். நோய் தீர்ந்தது என்றோ, உழைப்பு வென்றது என்றோ ஆறுதல் கூறி முடிக்கவில்லை. சசேத்ஸ்கி முழுமையாக மீளவில்லை. இழந்த கல்வி மீளவில்லை. போர் மட்டும் இல்லாதிருந்தால் என்னும் ஏக்கத்தோடு நூல் நிற்கிறது. போரைப் பற்றி இந்நூல் நேரே பேசுவது சில பக்கங்களே. ஆயினும் ஒரு குண்டு ஒரு கணத்தில் செய்ததை மாற்ற ஒரு வாழ்நாள் உழைப்பும் போதவில்லை என்பதைவிடப் போரைப் பற்றிச் சொல்ல வேறென்ன இருக்கிறது?

நாம் கொள்ள வேண்டியது

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் ஒருவர்க்கே மூன்று மொழிகள் உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் ஊர்மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம். இத்தகையவர் மொழியிழந்தால் எம்மொழி முதலில் மீளும்? முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்கியது. நன்கு பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895-இல் பித்ரே என்பார் உரைத்தார். பிற்கால ஆய்வுகள், பலர்க்கு எல்லா மொழிகளும் ஒருசேர மீள்வதையும், சிலர்க்கு இவ்விரு விதியும் பொருந்தாமற் போவதையும் காட்டியுள்ளன. ஆகவே தமிழ் வரவில்லையே என்று வருந்துவதும், வேற்றுமொழி வருகிறதே என்று வியப்பதும் வேண்டா. எம்மொழியின் வழியாகவேனும் அவர் நம்மிடம் வர முயல்கிறார் என்பதே கொள்ளத்தக்கது.

நூலை முடித்தபின் நண்பர் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். முன்பெல்லாம் அவர் பேசத் தொடங்கினால், அவர் சொல்ல வந்ததை நானே ஊகித்துச் சொல்லி முடித்துவிடுவேன். அதனை உதவி என்று எண்ணியிருந்தேன். இம்முறை வாய் திறவாமல் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து ஒரு சொல் வந்தது. "கோப்பு" என்றார். பின்னர் விரலால் என்னைச் சுட்டினார். பல மாதங்களுக்கு முன் அவர் மேசையில் பாதியில் நின்ற ஒரு கோப்பு என்னிடம் வந்ததா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. வந்தது, முடித்து அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஒன்றும் தெரியாதவர் என்று உறவினர் முடிவுகட்டிய மனிதர், தம் மேசையில் நின்றுபோன வேலையை அத்தனை மாதம் மனத்தில் சுமந்திருந்தார்.

சசேத்ஸ்கியின் நூல் கூறுவதும் இதுவே. சொல் போனாலும் சொல்ல வேண்டும் என்னும் வேட்கை போவதில்லை. அவ்வேட்கை உள்ளவரை மனிதர் முழு மனிதரே. கேட்பவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. பத்து அழகினுள் ஒன்றாக விளங்க வைத்தலை நன்னூலார் கூறினார். அதனை எழுதுவோர்க்கு உரிய கடமையாகவே இதுவரை எண்ணியிருந்தேன். விளங்கிக்கொள்ளுதல் என்னும் மறுபாதி கேட்போர்க்கு உரியது என்பதை, தாம் எழுதியதைத் தாமே படிக்க இயலாத ஒருவர் எனக்குக் கற்பித்தார்.